செஞ்சியில் தொடங்கும் லண்டன் பயணம்

செஞ்சியில் கோட்டை இருக்கிறது, ரயில் நிலையம் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை வரும் என்ற பேச்சு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரயில்தான் இன்னும் ஓடவில்லை. ஆகவே இந்த ஊரிலிருந்து லண்டனுக்குக் கிளம்புகிறவரின் பயணம் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. திண்டிவனம் வரை 28 கிலோமீட்டர். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளைத் தாண்டி, கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசலில் ஊர்ந்து விமான நிலையம் சேர்வதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பேருந்தில் போனால் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கி, பெட்டிகளோடு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். விமான சேவைகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தின் கதவில் தொடங்கி, இருக்கை, சாப்பாடு, திரை, கழிப்பறை என்று மதிப்பெண் போட்டு, இறங்கும் கதவோடு முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் செஞ்சிக்காரரின் பாதிப் பயணம் விட்டுப்போகிறது.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து படித்து வெளிநாடு போன பிள்ளைகள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர்தான் நீண்ட தூர விமானத்தில் மிகவும் கவலையோடு ஏறுகிற பயணிகள். மகளின் பிரசவத்துக்கு, பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மகனோடு சில மாதம் இருந்துவிட்டு வர என்று போகிறார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆங்கிலம் சரளமாக வராது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் விமானம். இவர்களுக்காக டிக்கெட் எடுக்கும்போது பிள்ளைகள் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு இடைநில்லாமல் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒன்று. துபாயில் இறங்கி விமானம் மாறவேண்டிய எமிரேட்ஸ் இன்னொன்று. இரண்டில் எது நல்ல சேவை என்று கேட்டால், அடிக்கடி பறக்கிறவர்களில் பலர் தயங்காமல் எமிரேட்ஸ் என்பார்கள். ஸ்கைட்ராக்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவரிசையிலும் அண்மை ஆண்டுகளில் எமிரேட்ஸ் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் பத்துக்கு வெளியே நிற்கிறது. அந்தத் தரவரிசை பொய் என்று சொல்லவில்லை. அது அளப்பது வேறொன்றை. நீண்ட தூரப் பயணத்தின் தரம் இருக்கையைவிட இணைப்புகளைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது என்பது என் கட்சி. சாலை விமானத்தோடு சேரும் இடம், ஒரு விமானம் இன்னொன்றோடு சேரும் இடம், இறங்கிய ஊர் பிள்ளையின் வீட்டோடு சேரும் இடம், ஏதாவது தவறினால் பயணம் மறுபடி ஒட்டவைக்கப்படும் இடம் ஆகியவையே அந்த இணைப்புகள்.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும் தனித்தனியே ஏறக் கடினமானவைதான். ஆனால் அவற்றைச் சேர்த்துக் கட்டிய மதில்தான் மூன்று குன்றுகளை ஒரே கோட்டையாக்கியது. 1690-களில் முகலாயப் படை இந்த ஊரைப் பல ஆண்டுகள் முற்றுகையிட்டுக் கிடக்க நேர்ந்ததில் குன்றுகளுக்கு இருந்த பங்கு மதிலுக்கும் இருந்தது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். துபாய் சுற்று வழி என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர்வழியில் சுமார் 8,230 கிலோமீட்டர். சென்னை–துபாய் 2,940, துபாய்–லண்டன் 5,500 என்று கூட்டினால் 8,440 வருகிறது. வித்தியாசம் இருநூறு கிலோமீட்டர் சொச்சம், அதாவது கால் மணி நேரப் பறப்பு. துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. 1985 அக்டோபரில் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸிடம் குத்தகைக்கு வாங்கிய விமானங்களோடு தொடங்கிய எமிரேட்ஸ், இந்தப் புவியியலை வைத்தே வளர்ந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் விமானங்களைக் குறிப்பிட்ட நேரங்களில் துபாயில் கூட்டிவைத்து, பயணிகளை மாற்றி ஏற்றி அனுப்புவதுதான் அதன் தொழில்முறை. நம் ஊரில் விழுப்புரம் சந்திப்பு செய்யும் வேலையைப் பல மடங்கு பெரிதாகச் செய்வதாக நினைத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் சந்திப்பு ஹீத்ரோ. எனவே லண்டனில் இறங்கவேண்டியவருக்கு அது ஒரே பாய்ச்சல். லண்டனைத் தாண்டிப் போகவேண்டியவருக்கு அதுவும் மாறும் பயணம்தான். இந்த வேறுபாட்டைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் தீர்ப்பு பெரும்பாலும் அதில்தான் தொங்குகிறது.

இருக்கை விஷயத்தில் பொதுக் கருத்தில் பாதி உண்மை. எமிரேட்ஸின் போயிங் 777 விமானத்தில் சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர், 3-4-3 என்று உட்காருகிறார்கள். இந்த விமானம் வந்த காலத்தில் பல நிறுவனங்கள் வரிசைக்கு ஒன்பது இருக்கைதான் போட்டன. பத்தாவது இருக்கையை நுழைத்தபோது ஒவ்வொருவரின் தோளிலிருந்தும் கொஞ்சம் இடம் போனது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் சென்னைப் பாதையில் பெரும்பாலும் விடுவது போயிங் 787. அதில் 3-3-3. அகலம் அரை அங்குலம் கூடுதல். காலுக்கான இடைவெளி 31 அங்குலம், இது எமிரேட்ஸைவிடச் சற்றுக் குறைவு. துபாயிலிருந்து ஹீத்ரோவுக்கு எமிரேட்ஸ் விடும் இரட்டை அடுக்கு ஏ380 விமானத்தின் இருக்கை இவை எல்லாவற்றையும்விட அகலம். திரை, படங்கள், சாப்பாட்டின் தாராளம் ஆகியவற்றில் எமிரேட்ஸ் முந்துகிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யாரும் மதிப்பெண் போடாத ஒன்று விமானத்துக்குள் இருக்கும் காற்று. உயரத்தில் பறக்கும்போது உள்ளே தரைமட்டக் காற்றழுத்தம் இருக்காது. பழைய உலோக உடல் விமானங்களில் அது அதிகபட்சம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம், அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. கார்பன் இழை உடல் கொண்ட 787-இல் அது 6,000 அடி, ஏறத்தாழ குன்னூர். ஈரப்பதமும் சற்றுக் கூடுதல். பத்து மணி நேரம் உட்காரும் முதியவருக்குத் தலைவலியும் தொண்டை வறட்சியும் வருவதும் வராததும் திரையின் அளவைவிடப் பெரிய விஷயம்.

சாப்பாட்டை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டிலும் இந்திய சைவ உணவு உண்டு. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதோ, குறைந்தது ஒரு நாள் முன்போ 'ஏ.வி.எம்.எல்.' என்ற குறியீட்டில் கேட்டுவைக்க வேண்டும். கேட்காமல் ஏறினால் கிடைத்தது கிடைத்ததுதான். 2018 ஜூலையில் எமிரேட்ஸ் 'இந்து உணவு' என்ற வகையை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் உடனேயே திரும்பப் பெற்றது. இந்தியப் பயணி இல்லாமல் அந்த நிறுவனத்தின் கணக்கு நேராகாது என்பதற்கு அதுவே சான்று.

இனி நேரம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் சென்னையிலிருந்து கிளம்புவது அதிகாலையில். மூன்று மணி நேரம் முன்னதாக வரிசையில் நிற்கவேண்டும் என்றால், செஞ்சியிலிருந்து முந்தைய இரவு பத்து, பத்தரைக்கே வண்டி புறப்பட வேண்டும். அந்த இரவின் தூக்கம் போனது போனதுதான். இது இந்த நிறுவனத்துக்கு எதிரான வலுவான புள்ளி; சென்னைவாசி எழுதும் மதிப்புரையில் இது வராது, ஏனென்றால் அவர் நள்ளிரவு வரை வீட்டில் படுத்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் ஏறி உட்கார்ந்தபின் பத்தரை மணி நேரத்துக்கு யாரும் எழுப்பப்போவதில்லை. ஐந்தாறு மணி நேரத் தூக்கம் ஒரே துண்டாகக் கிடைக்க வாய்ப்புண்டு. லண்டனில் இறங்கும்போது அங்கே நண்பகல் நெருங்கியிருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, அந்த ஊர் இரவுக்குப் படுக்கலாம். எமிரேட்ஸுக்கு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட புறப்பாடுகள் உண்டு என்பதால் செஞ்சியிலிருந்து வசதியான நேரத்தில் கிளம்பும்படி தேர்ந்துகொள்ளலாம், அது பெரிய வசதிதான். ஆனால் துபாய் வரை நான்கு மணி நேரம் சொச்சம். ஏறி அமைதியாக முக்கால் மணி, சாப்பாடு ஒரு மணி, இறங்குவதற்கு முன் அரை மணி போனால் மிச்சம் இரண்டு மணி நேரத் தூக்கம். துபாயில் காத்திருப்பு. பிறகு ஏழு மணி நேரப் பறப்பில் மறுபடியும் அதே சுற்று. மொத்த மணிகள் கூடுவதைவிட, தூக்கம் இரண்டு மூன்று துண்டாக உடைவதுதான் உடலைப் படுத்துகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பத்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் வீங்கும், நடுவே இறங்கி நடப்பது நல்லதுதானே? முதியவர்களுக்கு டாக்டர்கள் சொல்வதும் அதுதானே? நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து சுமார் இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களில் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு நேரலாம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு பயணம் முடிந்தவுடன் அந்த ஆபத்து மறைவதில்லை, சில வாரங்கள் நீடிக்கிறது. குறுகிய காலத்தில் பல முறை பறப்பவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. ஆகவே துபாயில் இறங்கி ஏறுவது கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்குவதாக ஆகாது. காப்பது அசைவுதான். அதை நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தாலே பெறலாம். செஞ்சியிலிருந்து சென்னை வரை காரில் மடங்கி உட்கார்ந்த மூன்று மணி நேரத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கிப் பத்து நிமிடம் நடப்பது விமான நிறுவனம் தரும் எந்த வசதிக்கும் குறைந்ததல்ல.

மாறும் இடத்தின் சிரமத்தை இளைஞர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். துபாயின் மூன்றாம் முனையம் ஒரு சிறு நகரம். இறங்கிய பகுதியும் ஏறவேண்டிய பகுதியும் வேறாக இருந்தால் பாதுகாப்புச் சோதனை, மின்தூக்கி, உள்ளே ஓடும் ரயில், நீண்ட நடை எல்லாம் உண்டு. வாசல் எண் கடைசி நேரத்தில் மாறலாம். மாறியதைத் திரையில் படிக்க வேண்டும், அல்லது ஆங்கில, அரபு அறிவிப்பில் பிடிக்க வேண்டும். செல்பேசிக்கு வெளிநாட்டு இணைப்பு இல்லாவிட்டால் பிள்ளைக்கு அழைக்கவும் முடியாது. சக்கர நாற்காலி உதவி கேட்டுவைத்தால் பெரும்பகுதி தீரும். இரு நிறுவனங்களிலும் அது இலவசம், இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவது நல்லது. நடக்க முடிகிற பெற்றோருக்கும் மொழிக்காகவே சக்கர நாற்காலி பதிவு செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தேவையா என்று கேட்பதைவிட, ஏன் அந்த நிலை வந்தது என்று கேட்கவேண்டும். கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையத்தில் பலகைகளில் தமிழ் இருக்கிறது. ஸ்ரீலங்கன் விமானத்தில் 'ஆயுபோவன், வணக்கம்' என்றுதான் வரவேற்பு. சென்னையிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான தமிழர்களை ஏற்றிச்செல்லும் பெரிய நிறுவனங்களுக்கு, வாசல் எண்ணையும் இருக்கைப் பட்டை கட்டும் முறையையும் ஒரு தமிழ்க் குரலில் சொல்லவைப்பது செலவுள்ள காரியமல்ல. சேவை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருந்தால், ஷாம்பெயின் வகைகளுக்கு முன்னால் இது வந்திருக்க வேண்டும். என் வருத்தம் இரு நிறுவனங்கள் மீதும் சமம். மாறுதல் இல்லாத பயணத்தில் அந்தக் குறையின் விலை குறைவு, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது இடைநில்லாப் பயணத்தின் பக்கம் சாய்கிறது. ஆனால் மகள் லண்டனில் இல்லாமல் மான்செஸ்டரிலோ பர்மிங்காமிலோ நியூகாசிலிலோ கிளாஸ்கோவிலோ இருந்தால்? அப்போது கணக்கு தலைகீழாகிறது. எமிரேட்ஸ் துபாயிலிருந்து இந்த ஊர்களுக்கெல்லாம் நேரடியாகப் பறக்கிறது. ஒரே மாற்றம், சென்னையில் போட்ட பெட்டி மகளின் ஊரில் வந்து விழும், குடிவரவுச் சோதனையும் அங்கேயே. பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனால் ஹீத்ரோவில் இறங்கி, நீண்ட வரிசையில் நின்று, உள்நாட்டு விமானத்துக்கோ ரயிலுக்கோ பேருந்துக்கோ மாற வேண்டும். அல்லது மருமகன் நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்து திரும்ப வேண்டும். இடைநில்லா விமானம் என்ற பெயரில் மாற்றம் ஒழிந்துவிடவில்லை, வேறு இடத்துக்குத் தள்ளிப்போனது. எனவே இணைப்பே தரம் என்ற என் வாதம் எந்த நிறுவனத்துக்கும் நிரந்தர வக்காலத்து அல்ல. செஞ்சி வாசலிலிருந்து பிள்ளையின் வாசல் வரை எத்தனை முறை வண்டி மாறுகிறோம், அதில் எத்தனை மாற்றம் தெரியாத மொழியில் தனியாகச் செய்யவேண்டியது என்று எண்ணிப் பார்த்தால் விடை தானாக வரும். லண்டனுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் ஒரு விடை, வட இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் வேறு விடை.

ஏதாவது தவறும்போது நிறுவனம் என்ன செய்கிறது என்பதே கடைசியான, மிகக் கடினமான இணைப்பு. இரு நிறுவனங்களின் மையங்களும் அண்மையில் முடங்கின. 2024 ஏப்ரல் 16 அன்று, பதிவுகள் தொடங்கிய 1949-க்குப் பின் காணாத மழை ஐக்கிய அரபு அமீரகத்தில் கொட்டியது. எமிரேட்ஸ் கிட்டத்தட்ட 400 விமானங்களை ரத்து செய்தது. பயணிகளைச் சேராத பெட்டிகள் சுமார் 30,000 தேங்கின. நிறுவனத் தலைவர் டிம் கிளார்க் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2025 மார்ச் 21 அன்று அருகிலிருந்த துணைமின்நிலையத்தில் பிடித்த தீயால் ஹீத்ரோவே நாளின் பெரும்பகுதி மூடிக்கிடந்தது. 1,300-க்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஒரே மையத்தை நம்பியிருப்பதன் பலவீனம் இருவருக்கும் பொது. ஆனால் மையம் திறந்த பிறகு, நாளில் பல விமானம் விடுகிற நிறுவனம் தேங்கிய சென்னைப் பயணிகளை விரைவில் ஏற்றிவிடலாம். நாளுக்கு ஒரு விமானத்துக்கு மேல் விடாத நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. நம் பக்கத்திலும் இது நடக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அதே புயல் விழுப்புரம் மாவட்டத்தில் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அன்று செஞ்சியிலிருந்து கிளம்பவேண்டியவருக்குச் சாலையும் போனது, விமானமும் போனது. போகி அன்று விடியற்காலைப் புகைமூட்டத்தில் சென்னை ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாவதும் நமக்குப் பழகியதே. அதிகாலைப் புறப்பாடுதான் அதில் முதலில் சிக்கும். இந்த ஒரு புள்ளியில் எமிரேட்ஸ் தெளிவாக மேல்.

ஆனால் சட்டம் மறுபக்கம் நிற்கிறது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் பயணிகள் குறைவு. பிரிட்டனின் விமானப் பயணிகள் இழப்பீட்டு விதிகளின்படி, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவன விமானத்தில் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குப் போனாலும் பாதுகாப்பு உண்டு. நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், இவ்வளவு தூரத்துக்கு 520 பவுண்டு இழப்பீடு. மூன்று முதல் நான்கு மணி வரை என்றால் அதில் பாதி. புயல், புகைமூட்டம் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் தந்தாக வேண்டும். எமிரேட்ஸ் பிரிட்டிஷ் நிறுவனமும் அல்ல, ஐரோப்பிய நிறுவனமும் அல்ல. அதனால் சென்னையிலிருந்து போகும்போது இந்த விதி அதைக் கட்டாது. திரும்பி வரும்போது கட்டும், ஏனென்றால் பயணம் பிரிட்டன் மண்ணில் தொடங்குகிறது. துபாயில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு இறுதி ஊருக்குத் தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டா என்ற கேள்வி வழக்காகி, 2017-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் எமிரேட்ஸுக்கு எதிராகவும் பயணிகளுக்கு ஆதரவாகவும் தீர்ப்பளித்தது. போகும்போது ஒரு நியாயம், வரும்போது ஒரு நியாயம் என்பது விந்தைதான். ஆனாலும் டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விந்தை. பெட்டி தொலைந்தால் இரு நிறுவனங்களுக்கும் ஒரே மான்ட்ரியல் உடன்படிக்கை. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு அதிகபட்சப் பொறுப்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), இது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். சேதமானால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் இருபத்தொரு நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்புக்குச் சான்றும் காட்ட வேண்டும்.

'இதெல்லாம் சரி, விலை என்ன?' என்பதே பெரும்பாலோரின் இறுதி மறுப்பு. துபாய் வழி மலிவாகக் கிடைக்கும் நாட்கள் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்க்காமல் அந்த மலிவை நம்பக் கூடாது. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து உட்கார முன்கூட்டியே இருக்கை தேர்ந்தால் குறைந்த கட்டணச் சீட்டில் இரு நிறுவனங்களும் தனிக் காசு கேட்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெட்டியை எண்ணிக்கையில் கணக்கிடும், ஒரு பெட்டி 23 கிலோ; மிக மலிவான சீட்டில் அந்தப் பெட்டியே இல்லாமலும் இருக்கலாம். எமிரேட்ஸ் இந்தப் பாதையில் மொத்த எடையைப் பார்க்கும்; எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பொடி, ஊறுகாய், புடவை, பாத்திரம் என்று கட்டும் வீட்டுக்கு இந்த வேறுபாடு பல ஆயிரம் ரூபாயாக மாறும். மிக முக்கியம், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருப்பது. சென்னை–துபாய் ஒரு நிறுவனத்திலும் துபாய்–லண்டன் இன்னொன்றிலும் தனித்தனியே வாங்கி மிச்சம் பிடித்தால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. அந்தப் பொறுப்பையும் விலையில் சேர்த்தே பார்க்க வேண்டும். கூட்டல் முடிந்த பிறகும் பெரிய வித்தியாசம் இருந்தால், உடலுறுதியுள்ள மாணவர் துபாய் வழியில் போவது முற்றிலும் நியாயம். அதே மிச்சத்துக்காக முழங்கால் வலியுள்ள அம்மாவைத் தனியே மாறச்சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

அடிக்கடி பறப்பவர்களின் பரிந்துரையை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர்களின் தேர்வில் புள்ளித் திட்டங்களின் இழுப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலிலிருந்து தன் உறுப்பினர் தகுதியைப் பறந்த தூரத்தைவிட்டுச் செலவழித்த பணத்தோடு கட்டிவிட்டது. வெள்ளித் தகுதிக்கு 7,500 புள்ளி, தங்கத்துக்கு 20,000, ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸில் வெள்ளிக்கு 25,000 மைல். இவற்றை எட்டியவர்களுக்குத் தனி வரிசை, ஓய்வறை, கூடுதல் பெட்டி எல்லாம் கிடைக்கும். இணைப்பின் சிரமத்தை அந்த வசதிகள் பஞ்சுபோல மூடிவிடும். அவர்கள் பார்க்கும் துபாயும் செஞ்சிப் பெற்றோர் பார்க்கும் துபாயும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் புள்ளிகள் மூன்று ஆண்டு எந்தக் கணக்குவழக்கும் இல்லாமல் கிடந்தால் காலாவதியாகும். ஸ்கைவார்ட்ஸ் மைல்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆயுள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவருக்கு இலவசமாகப் பதிவு செய்துவைப்பதில் நட்டமில்லை, அதற்காக நிறுவனத்தைத் தேர்வதில் பொருளில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தா படைத்தளங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான். இனி இந்தப் பாதையில் எதிர்த்திசையிலும் ஆட்கள் வருவார்கள். லண்டனில் மதியம் ஏறி, விடிவதற்கு முன் மீனம்பாக்கத்தில் இறங்குகிறவருக்கு, பேரப்பிள்ளையை விட்டுவிட்டு வரும் தாத்தா பாட்டியாக இருந்தாலும், ராஜகிரி ஏற வந்த வெளிநாட்டவராக இருந்தாலும், பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் எந்த நிறுவனம் கவனித்தது என்பதற்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த இருட்டில் பெட்டிகளோடு வெளியே வருகிறவருக்குச் செஞ்சிப் பெயர்ப்பலகை போட்ட ஒரு பேருந்து விமான நிலைய வாசலில் நிற்குமா? கிளாம்பாக்கம் வரை வாடகைக் கார், அங்கிருந்து திருவண்ணாமலைப் பேருந்து, திண்டிவனத்தில் டீ என்று போனால், செஞ்சி வந்து சேரும்போது வெயில் குன்றின் பாறைகளில் ஏறியிருக்கும்.